ஊர்க்காரருக்கு யாரும் சொல்வதில்லை

என் வீட்டுக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஆட்டோ ஓட்டுகிறார். மகாவலி ஓரமாகப் போகும் பாதையில் வெளியூர்ச் சனம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்குவதைக் கண்டால், பின்னால் ஆள் இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "அங்க எறங்காதீங்க, சுழி இருக்கு!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்துவார். வீட்டுக்கு வந்து, "ஆழம் தெரியாம காலை விடுறானுங்க" என்று என்னிடம் அவர்களை வைவார். ஊர்க்காரர்கள் இறங்கினால் மட்டும் பேசாமல் போய்விடுவார். ஊர்க்காரனுக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் அவனுக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

இந்த மனிதரோடுதான் நான் சென்னைக்குப் போனேன்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே பாடம் தொடங்கிவிட்டது. "காசைச் சல்லின்னு வாய் தவறிச் சொல்லிடாத. பாணு கேக்காத, பிரெட்டுன்னு கேளு. எந்த ஊருன்னு கேட்டா மதுரைப் பக்கம்னு சொல்லு." வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் ஆட்டோக்காரர்கள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்களாம். கண்டியில் வெள்ளைக்காரர்களின் தலையில் யார் அரைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

பணம் மட்டும் காரணமில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்பார்கள். அங்கே போனால் சிலோன்காரர் என்பார்கள். ஒரு பத்து நாளாவது யாரும் எதுவும் சொல்லாத ஓர் ஊரில் நடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையைப் பார்த்துத்தான் நானும் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

"நமக்கு அங்க ஏதாச்சும் ஆனா, நாம யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"நல்ல வார்த்தையே வராதா ஒன் வாயில?" என்றார்.

கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை எடுத்தோம். அவர் சொன்னது பலித்தது. எங்கள் பேச்சைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நசுங்கினோம், கையேந்தி பவனில் நின்றுகொண்டே இட்லி தின்றோம். மாலையானால் அந்தக் கடற்கரையில் திருவிழாக் கூட்டம்தான். பஜ்ஜி வாசனை, பலூன் சுடும் சத்தம், மணலில் கட்டிப் புரளும் பிள்ளைகள். அவ்வளவு கலகலப்புக்கு நடுவிலும் அந்தக் கடலின் இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. இரவு படுத்தாலும் தலைமாட்டில் யாரோ மூச்சு வாங்குவது போல அது கேட்டது. காலையில் சொன்னால், "மலையில பொறந்தவ, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

அறையில் அடுப்பும் இருந்ததால், கரையில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் தினமும் மீன் வாங்கினேன். எந்த ஊர் என்று அவர் கேட்டார். மதுரைப் பக்கம், இங்கே குடிவந்து ரொம்ப நாளாகிறது என்றேன். பொய் எனக்கு அவ்வளவு சரளமாக வந்தது. "அப்ப நம்மூரு ஆளாயிட்டே" என்று சொல்லி இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, கடலில் ஒரு முழுக்குப் போடாமல் போவதா என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வேண்டாம் என்றேன். "நான் என்ன தண்ணி பாக்காதவனா?" என்று கரையோரமாக நடந்து இடம் பார்த்தார்.

ஹந்தானை ஓடையில் குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நுரைக்கிற இடத்தில் கல் இருக்கும், இழுப்பும் இருக்கும். நுரையில்லாமல் தண்ணீர் சும்மா கிடக்கும் இடத்தில்தான் இறங்க வேண்டும். அந்தக் கடலிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளையாக உடைந்தன. நடுவில் ஒரு பாதை அகலத்துக்கு, சற்றுக் கறுப்பாக, அலையே எழும்பாமல் தண்ணீர் கிடந்தது.

"இந்தா, இதுதான் நல்ல எடம்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அதே இடத்தில் இந்தி பேசும் ஒரு குடும்பம் காலை நனைக்கப் போனது. மீன்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏ சேட்டு! அங்க போவாத! இஸ்துக்கினு பூடும்!" கையைக் காலை ஆட்டி அவர்களை விரட்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூடைக்குத் திரும்பினார்.

"பாவம், வெளியூர்க்காரங்க, தண்ணியப் பத்தி என்னா தெரியும்? நம்மள ஒண்ணும் சொல்லலியே அந்தம்மா" என்று சொல்லிக்கொண்டே இவர் இறங்கினார்.

முழங்கால் வரை போனார். இடுப்பு வரை போனார். என் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். அப்படி நின்றபடியே, நடக்காமல், தள்ளித் தள்ளிப் போனார். கையைத் தூக்கினார். நானும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன். அவர் வாய் திறந்திருப்பதும் அதிலிருந்து சத்தம் வராததும் அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் கத்தியதில் மீனவர்கள் படகைத் தள்ளினார்கள். அவர்கள் தூக்கிவந்து மணலில் குப்புறப் போட்டபோது அவர் உடம்பு நீலம் பூத்திருந்தது. முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்கினார்கள். வெகுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது. அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மீன்கார அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னாம்மா இது, இந்த எடம் ஊருக்கே தெரியுமே! மெய்யா சொல்லு, எந்த ஊரு நீ?"

"கண்டி" என்றேன். "சிலோன்ல கண்டி."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே" என்று அழுதார்.

நாங்கள் கண்டிக்குத் திரும்பிய பிறகு, போன வாரம் மூன்று நாள் மழை பெய்து மகாவலி செம்மண் நிறமாக ஓடியது. வீட்டுக்காரர் ஆட்டோவில் கடையிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஒரு புருஷனும் பெண்சாதியும் துவாயோடு ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் வண்டியை நிறுத்திக் கத்தினார். அந்த மனிதர் திரும்பி, நாங்கள் இந்த ஊர்தான் என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். முன்பென்றால் இவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்.

இவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, மழைச் சேற்றில் சறுக்கிக்கொண்டு அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் போய் நின்றார்.

"உண்மையச் சொல்லுங்க, ஊர்ல எந்த வீடு?" என்று கேட்டார்.