சட்டம் காப்பாற்றிய ஆள்

எங்கள் வங்கியின் லாபத்தைத் தின்றது யார் என்று எங்கும் போய்த் தேட வேண்டாம், நான்தான். பெயர் வஹோனோ. ஜாவாவில் முந்திலான் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்ன வங்கியில் விதிமுறை அதிகாரி. கடன் கொடுத்ததில்லை, வசூலித்ததில்லை, ஒரு ரூபியாகூட உள்ளே கொண்டுவந்ததில்லை. வங்கி ஒழுங்காக நடக்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவேன், அவ்வளவுதான். இப்படி ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். ஜகார்த்தாவின் பெரிய வங்கிகளுக்கு என் சம்பளம் காபிச் செலவு. ஏழே பேர் வேலை செய்யும் எங்களுக்கோ யானைத் தீனி.

சம்பளம் மட்டுமா? எனக்கென்று வாங்கிய மென்பொருள், செமாராங்கில் எனக்குப் பயிற்சி, அங்கே நான் வெட்டிய வறுத்த கோழி. போதாததற்கு நான் தாமதமாக அனுப்பிய அறிக்கைக்கு அபராதம் வேறு. அந்த வருடம் நூறு ரூபியா வருமானத்துக்குத் தொண்ணூற்றாறு செலவு. இது ஆபத்து என்று அறிக்கை எழுதியதும் நான்தான், வெட்கங்கெட்டவன்.

முதலாளியம்மாவை இபு லன்னி என்போம்; எங்கள் ஊரில் பெண்ணுக்கு மரியாதை 'இபு', ஆணுக்கு 'பாக்'. அவர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஒருத்தரைக் குறைச்சே ஆகணும். வேற வழி தெரியல."

எங்கள் ஜாவாவில் இப்படிப் பேச்சு வந்தால் பெரிய பதவியில் இருப்பவன் 'நானே போயிடறேன்' என்று சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள் பதறித் தடுக்க வேண்டும். அதுதான் மரியாதை.

"நான்தான் இங்க பாரம், இபு. நானே விலகிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக் காத்திருந்தேன். ஒருவரும் பதறவில்லை.

"ரொம்ப நன்றி, பாக் வஹோனோ. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல" என்றார் இபு லன்னி.

வீட்டுக் கடன் தவணை கண்முன் வந்து நின்றது.

"ஆனா இபு... சட்டப்படி நான் இல்லாம வங்கியை நடத்தவே முடியாதே" என்று ஆரம்பித்து, பிரிவு, உட்பிரிவு எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"தியாகம் அவ்வளவுதானா, பாக்?" என்றாள் காசாளர் யூலி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இபு லன்னி யார் முகத்தையும் பார்க்காமல், "அப்ப பார்சி" என்றார். தினமும் சந்தையில் கடை கடையாக மோட்டார் சைக்கிளில் போய்ச் சேமிப்புப் பணம் வாங்கி வருபவள் பார்சி. வங்கிக்கு வரவு என்பதே அவள்தான், ஆனால் அவள் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"சரிங்க, இபு" என்று எழுந்தவள் என்னிடம் திரும்பினாள். "நீங்க ஏன் பாக் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க? உங்களுக்குத்தான் சட்டமே கூடப்பொறந்த அண்ணன் மாதிரி நிக்குதே!"

அடுத்த வாரமே அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அதே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சந்தைப் பெண்கள் பாதிப் பேர் அவள் பின்னாலேயே போனார்கள். எங்கள் செலவு குறைந்தது, வரவு அதைவிட வேகமாகக் குறைந்தது. அறிக்கையில் காரணம் எழுதும் இடத்தில் 'சந்தை நிலவரம்' என்று எழுதினேன். கை கூசவேயில்லை.

ஒரு நாள் மதியம் என் மனைவியின் துணிக்கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடை வாசலில் பார்சி. என் மனைவி அவளிடம் நோட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? என் வங்கி இருக்கும்போது இவகிட்ட போடுறே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்க வங்கில யாரு வந்து வாங்கறா? நான் கடையைப் பூட்டிட்டு வரணும். வந்தா, கட்டின பொண்டாட்டிகிட்டயே நீ யாரு, சான்று எங்கேன்னு கேப்பீங்க."

"அதுக்காக?"

"அதுக்காக மட்டுமில்ல" என்று குரலைத் தாழ்த்தினாள். "உங்க வங்கி மூடிட்டா வீட்டுத் தவணைய எதை வெச்சுக் கட்டறது? அதுக்குத்தான் சேக்கறேன்."

பார்சி பணத்தைப் பையில் வைத்து மூடினாள்.

"பயப்படாதீங்க, பாக். உங்க வீட்டுக் காசு என்கிட்ட பத்திரமா இருக்கும்."

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொன்னாள்.