பிழைதிருத்தத்தில் ஒரு பிழை

பழைய புத்தகக் கடையில் எல்லோரும் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பழங்கால அச்சகம் ஒன்றின் நூல்களில் எது முதற்பதிப்பு என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த அச்சகத்தாரோ மறு அச்சிலும் முகப்பை மாற்றாமல் 'முதற்பதிப்பு' என்றே விட்டுவிடுகிறவர்கள். அவர்களுடைய இலக்கண நூலுக்கு ஒரே அடையாளம்தான். முதல் அச்சின் கடைசிப் பக்கத்தில் 'பிளைதிருத்தம்' என்று பிழையே பல்லிளிக்கும். மறு அச்சில் அதைப் 'பிழை' ஆக்கிவிட்டார்கள்.

பதினோரு வருஷத்தில் அவள் பதினேழு பிரதிகளைக் கழித்துக்கட்டியிருந்தாள். கடையை நடத்தும் கொழுந்தன் பதினெட்டாவதைப் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டான்.

"இதுலயும் ழகரம் சரியாத்தான் இருக்கு, அண்ணி. விட்டுத் தொலைங்க. நீங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்."

"மூணோ நாலோ, நானே எண்ணிக்கறேன். இங்க குடு."

சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கறுப்பு; ழகரத்தின் வால் மட்டும் பழுப்பு. ளகரத்தைப் பொறுக்காத யாரோ ஒரு மகராசன் பேனாவால் வால் போட்டிருந்தான்.

"சரியா இல்ல தம்பி," என்றாள். "சரி பண்ணியிருக்காங்க."