கண்ணாடி என்று சொன்ன சுப்பையா

மூலைகளில் கறுப்பு மை தடவிய தபால் கார்டு எங்கள் கூலாய்த் தோட்டத்து ஆபீசுக்கு வந்தபோது, நான் காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தேன். காஹாங் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சுப்பையா மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார் என்று இரண்டே வரி. கார்டு வந்து சேரவே மூன்று நாளாகியிருந்தது. அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் கொடுப்பினையும் எனக்கு இல்லை. முப்பது வயது நிறையாத மனிதர்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவர் 'கண்ணாடி சுப்பையா'. கல்லூரிப் பந்தாட்டத்தில் மைதானத்தில் கிடந்த போத்தல் கண்ணாடியை மிதித்து, இடக்காலில் இரண்டு விரல்களை இழந்தவர் என்றுதான் உங்களுக்குத் தெரியும். கீழே பார்த்து ஓடத் தெரியாதவர் என்று அவரைக் கேலி செய்யாதவர் நம்மில் யார்? அந்த மைதானத்தில் கண்ணாடி எதுவும் கிடக்கவில்லை. அவர் காலை அறுத்தது என் பூட்ஸ். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் என் வாய் அழுகிப்போகும்.

அவர் ஒரு கல்லூரி, நான் ஒரு கல்லூரி. பெயர்கள் வேண்டாம், இரண்டுக்கும் இன்னும் கொஞ்சம் மானம் மிச்சமிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆட்டத்துக்காக மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். எங்களுக்குப் பூட்ஸ் உண்டு. அதன் அடியில் தோல் குமிழ்களை ஆணியடித்துப் பொருத்தியிருக்கும். ஆட்டம் தொடங்குமுன் வெள்ளைக்கார ரெஃப்ரி ஒவ்வொரு பூட்ஸையும் தடவிப் பார்ப்பார். இடைவேளையில் பார்க்கமாட்டார். அப்போது நாங்கள் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சிமெண்டுக் கால்வாயின் விளிம்பில் தோலைத் தேய்ப்போம்; ஆணி வெளியே எட்டிப்பார்க்கும். அவர்கள் மட்டும் யோக்கியமா? பாதிப்பேர் வெறுங்காலோடு, கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். அந்தத் துணிக்குள், எதிராளி காலைக் கிழிக்கப் பால் டின் தகரம் இருக்கும். வெறுங்காலைத் தொட்டுப் பார்க்க ரெஃப்ரிக்கு மனம் வராது. இரண்டு பக்கத்து மாஸ்டர்களுக்கும் எல்லாம் தெரியும். அந்நேரம் இருவரும் ஆகாயத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் சுப்பையா இடது ஓரத்தில் ஆடினார். அவரை மறிக்க வேண்டியவன் நான். மறிக்கவா முடிந்தது? முதல் பாதியில் இரண்டு கோல் போட்டார். இரண்டு முறையும் நான் மண்ணைக் கவ்விக் கிடந்தேன். மாநில அணிக்கு ஆள் பொறுக்க வந்திருந்த துரை அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இடைவேளையில் எங்கள் கேப்டன் என்னிடம் வந்தான். "அலமாக், அவன் உன்னைச் சுத்திச் சுத்தி ஓடுறான், நீ வேடிக்கை பார்க்கிறியே! அடுத்த தடவை வந்தா பந்தைப் பார்க்காத லா, காலைப் பாரு."

எல்லோரும் தேய்த்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தேன். இரண்டாம் பாதியில் அவர் என்னைத் தாண்டப் போனபோது, குதித்து அவர் பாதத்தின் மேல் இறங்கினேன். அவர் விழுந்தார். கை நிறையப் புல்லைப் பிடுங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாத ஆட்டத்தில் நாங்கள் மூன்று கோல் போட்டு ஜெயித்தோம்.

மறுநாள் இரண்டு பிரின்சிபால்களும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னைக் கல்லூரியை விட்டு நீக்கிவிடுவார்கள். தங்காக்கில் அப்பாவின் துணிக்கடையில் ஆயுசுக்கும் கெஜக்கோல் பிடிக்க வேண்டியதுதான். அப்பா அதை விரும்பவில்லை. அதற்காகத்தான் என்னைப் படிக்க அனுப்பியிருந்தார். சுப்பையா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கண்ணாடி சார். போத்தல் கண்ணாடிய மிதிச்சிட்டேன்" என்றார். பெரியவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உடனே போய்விட்டார்கள்.

நான் மட்டும் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"அழாதடா. உன் மேல பாவப்பட்டு ஒண்ணும் சொல்லலை. நீ ஒருத்தன் வெளிய போனா, மிச்சப் பத்துப் பேரும் உங்க மாஸ்டரும் நல்லவங்களாயிடுவாங்க. அது எனக்குப் பிடிக்கலை. எங்க ஆளுங்களும் தகரம் கட்டினவங்கதான். நான் மட்டும் ஏன் கட்டலைன்னா, கட்டினா ஓட்டம் கொறையுது, அதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆனா நடந்தது நடந்ததுதான். நான் உன் பேரைச் சொல்லமாட்டேன், நீயா சொல்லணும். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

பரீட்சை முடிந்தது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். கிடைக்கட்டும் என்று இருந்தேன். கிடைத்தது. பிறகு கலியாணம் ஆகட்டும் என்று இருந்தேன். சாக்குக்கா பஞ்சம்? அவர் மாநில அணியை மறந்து டிரஸர் வேலை படித்தார். நொண்டிக்கொண்டே ஆட்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய்க் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். "கால் போனா என்ன, இன்னும் காய்ச்சல் என்னைவிட மெதுவாத்தான் ஓடுது" என்பார். நாங்கள் சிநேகிதர்களாகவும் ஆகிவிட்டோம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை காஹாங் போவேன். அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எடுக்கவில்லையே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒருமுறை அவர்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பெரிய கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏன் டிரஸரே, எல்லாரும் பந்தைத் தேடி ஓடுறப்ப நீங்க மட்டும் கண்ணாடி பொறுக்கப் போனீங்களாமே?" கூட்டம் சிரித்தது. உரக்கச் சிரித்தவன் நான். சுப்பையா என்னைத் திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

கார்டு வந்த மறுநாள் காஹாங் போனேன். அவர் மனைவி செல்லம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இனியும் அடக்க முடியாமல், ஆணி தேய்த்ததிலிருந்து ஆஸ்பத்திரிவரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன்.

"தெரியும்ணே" என்றார். "கலியாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. நீங்க வர்றீங்கன்னு கடுதாசி போட்டா, 'இந்தத் தடவை ராமநாதன் எல்லார்ட்டயும் சொல்லிடுவான் பாரு, நல்லா ஆக்கி வை'ம்பாரு. நீங்க வர்றப்பல்லாம் கோழி அடிச்சோமே, அது அதுக்குத்தான்ணே."

நண்பர்களே, அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அதை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். கேட்க அவர்தான் இல்லை. அவரிடமிருந்து மன்னிப்பு என்று எதுவும் எனக்கு வரவில்லை. நான் கேட்டிருந்தால் அல்லவா வரும். என்னிடம் இருப்பது அந்தக் கோழிக்குழம்பின் ருசி ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டாவது தடவையும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.