பலகையில் நான் வாசிக்காமல் விட்ட பந்தி

எங்கள் முதியோர் சங்கம் வருடத்தில் ஒருமுறை பஸ் பிடித்து மொன்றியலுக்கு வெளியே சுற்றுலா போகும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். ஆனால் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை என்பதால் பிரெஞ்சு வரும். பிரெஞ்சு வருகிற ஆளை எந்தச் சங்கம் சும்மா விடும்? மைக்கைக் கையில் தந்து முன் சீட்டில் இருத்திவிடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும் என்பதை மறைத்து என்ன பயன். நாற்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கசக்கவில்லை.

அந்த முறை ஆப்பிள் பிடுங்கப் போனோம். வழியில் ஒரு தரிப்பிடத்தில் பஸ் நின்றது. நாற்பது பேருக்கு இரண்டே கழிப்பறை. வரிசை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பலகை, பொடி எழுத்தில் நாலு பந்தி. வேறு வேலையில்லாத சனம் முதலில் பலகையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"என்ன போட்டிருக்கு? ஒருக்கா வாசியும் பிள்ளை."

வாசித்துத் தமிழில் சொன்னேன். நாங்கள் நின்ற இடம் இரண்டு கவுண்டிகளின் எல்லை. கவுண்டி என்றால் எங்களுடைய மாவட்டம் மாதிரி. பிரெஞ்சுக்காரரிடம் இருந்து நாட்டைப் பிடித்த இங்கிலாந்துக்காரர் சங்கிலி போட்டு நிலத்தை அளந்து, சதுரம் சதுரமாக வெட்டி, ராசாவுக்கு விசுவாசமானவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு கவுண்டிகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தங்களுடைய ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த ஐயா ஒருவர், "எங்கட நாட்டையும் உவங்கள்தானே மேசையில வைச்சுக் கோடு கீறினவங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரீச்சர் ஆகிவிட்ட நினைப்பு.

நாலாவது பந்தியைக் கண்ணால் மட்டும் வாசித்தேன். அளக்க ஆட்கள் வருவதற்கு முன் பக்கத்தில் இருக்கிற ஏரிக்கரையில் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் அபெனாக்கி மக்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. வடக்கே ஒதுக்கிவிட்டார்கள். மற்றக் கவுண்டியின் பெயர் அவர்களுடைய சொல். இவ்வளவும் அதில் தெளிவாக இருந்தது. அந்த நேரம் பார்த்து டிரைவர் ஹோர்ன் அடித்தார். சீனி வருத்தக்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பார்சல் எப்போது என்று மூன்றாம் தரம் கேட்டார். எனக்கும் கழிப்பறை அவசரம். "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன்.

திருகோணமலை அன்ரி என்று நாங்கள் சொல்லும் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். எழுபது தாண்டியவர். அதிகம் கதைக்க மாட்டார்.

"பிள்ளை, அப்ப உவை வர முன்னம் இங்க ஆர் இருந்தவை?"

ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். அங்கிருந்து பத்து நிமிடத்தில் மகன் வீடு வாங்கியிருக்கிறார். தாய் வந்து பால் காய்ச்சினால்தான் குடிபுகுவேன் என்று நிற்கிறார். அன்ரி ஏதாவது சாட்டுச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறார்.

"ஊரில எங்கட வீடு வளவில இப்ப வேற ஆக்கள் இருக்கினம். போய்க் கேற்றடியில நிண்டு பார்த்திட்டு வந்தனான். அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். ஆரையும் எழுப்பிக் கலைச்ச மண்ணெண்டால் நான் அங்க பால் காய்ச்ச மாட்டன்."

பலகை என் முதுகுக்குப் பின்னால் நின்றது. திரும்பி ஒரு பந்தி வாசித்தால் போதும். வாசித்தால் கேள்விக்கு மேல் கேள்வி வரும், மகனின் காரியம் குழம்பும், 'அவ்வளவுதான் எண்டு சொன்னீரே' என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னால், என்னைத் தடுத்தது அந்தக் கடைசிக் காரணம்தான்.

"ஒருத்தரும் இல்லை, அன்ரி. வெறுங்காடு" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை இப்போதும் நினைக்கக் கூசுகிறது. பஸ்ஸில் தன் பார்சலில் இருந்த கட்லட்டை எனக்குத் தந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

அதற்குப் பிறகு வேலைத்தலத்தில் என் பாடு சிரிப்பாகிவிட்டது. வாய் முழுக்கச் சொக்லட்டோடு நின்று 'நான் எடுக்கவில்லை' என்று சொல்லும் மூன்று வயதுக் குழந்தையைக் கண்டிக்க எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு முறை அன்ரிக்குப் போன் எடுத்தேன். இரண்டு முறையும் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சுற்றுலா முடிந்து மூன்றாம் கிழமை மகனின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். அன்ரி என்னை முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. அன்ரி கும்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளை அந்த போர்ட்டை முழுக்க வாசிச்சுச் சொன்ன பிறகுதான் எனக்கு மனம் வந்தது."

முழுக்க என்றார். கையில் தந்த பாலைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

எல்லோரும் சாப்பிட இருந்த நேரம் குசினிக்குள் போனேன். அன்ரி அடிப்பிடித்த பானையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நான் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தேன்.

"அன்ரி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

நாலாவது பந்தியை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பானையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப பேரை வைச்சுக்கொண்டு ஆக்களை அனுப்பிப்போட்டினம்?"

"ஓம் அன்ரி."

தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"நானும் உமக்கு முழுக்கச் சொல்லேல்லை. ஊரில நான் கேற்றடியில நிண்டிட்டு வரேல்லை, உள்ளுக்குப் போனனான். அங்க இருந்த மனுசி கதிரை எடுத்துப் போட்டவள். 'இங்க ஒருத்தரும் இருக்கேல்லை, வெறுங்காடு எண்டுதானே எங்களுக்குச் சொன்னவை' எண்டாள். என்ர கிணறு கண்ணுக்கு முன்னால கிடக்குது, பொய் சொல்லாதையடி எண்டு கத்தினனான். அவளின்ர பிள்ளையளுக்கு முன்னால தூசணத்தால ஏசிப்போட்டு வந்தனான்."

பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"அவள் பொய் சொல்லேல்லை, என்ன பிள்ளை? அவளும் ஆரையோ கேட்டிருக்கிறாள். நான் ஆளை மாத்தி ஏசிப்போட்டன். அவளுக்கு அப்பிடிச் சொன்ன ஆளையெல்லோ ஏசியிருக்கோணும்."

ஏசட்டும் என்று துணியோடு அப்படியே நின்றேன். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கும் முழுக்கச் சொல்லோணும்" என்று என்னைக் கடந்து, மகன் இருந்த அறைக்குப் போனார்.