உலைக்கு வரி போட்ட மேயர்

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தனி மாவட்டம் ஆனதிலிருந்து மனு, நகல், ஆன்லைன் விண்ணப்பம் என்று காலையில் தலை சொறிய நேரம் இருக்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். நாலு மணிக்குத்தான் மறுபடி கூட்டம் வரும். அந்த இரண்டு மணி நேரமும் நான் மேயர்.

சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் விளையாட்டுதான், ஆனால் அதில் இருந்த ஊரை நாங்கள் உண்மையாகவே கட்டினோம். எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து நிலம் பிடித்து, வீடு எழுப்பி, ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் ஊரில் நாற்பது வீடு, ஒரு சந்தை, நாலு பக்கமும் மதில். பெரும்பாலும் தமிழ்க்காரர்கள். ஊராருக்கெல்லாம் மனு எழுதிப் பழகிய கை என்பதால் ஊர் அறிவிப்புகளை நான் கோர்வையாக எழுதி ஒட்டுவேன். அதைப் பார்த்தே எனக்கு ஓட்டுப் போட்டார்கள். என்னை ஆண் என்று நினைத்து 'மேயர் சார்' என்று எழுதினார்கள். நானும் திருத்தவில்லை. என் வீட்டுக்காரர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மதியம் டிபன் கேரியரை எடுத்துப்போக வரும்போது, "இன்னா, ஒன் ஊருல மழ பேஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

மழை பெய்யாவிட்டாலும் செலவு இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஊர் கஜானாவிலிருந்து பராமரிப்புச் செலவை விளையாட்டே எடுத்துக்கொள்ளும். பணம் குறைந்தால் ஒரு மதில் இடியும். தொடர்ந்து மூன்று வெள்ளி குறைந்தால் ஊரே போய்விடும். நாற்பது வீடும் வெறும் புல்தரை ஆகிவிடும்.

முதலில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டேன். ஆளாளுக்குக் குதித்தார்கள். 'நான் வந்து சும்மா பேசிவிட்டுப் போகிறவன், எனக்கு எதற்கு வரி?' என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தேன். ஊரில் சம்பாதிப்பது கைத்தொழில் செய்கிறவர்கள்தான். சந்தைக்குப் பக்கத்தில் பொது உலை ஒன்று இருந்தது. வாளும் ஏரும் அங்கேதான் அடிப்பார்கள். வீட்டு வரியைப் பாதியாகக் குறைத்து, உலையை ஒருமுறை மூட்டினால் ஒரு காசு என்று எழுதி ஒட்டினேன். வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஒன்றாம் தேதி கடை வாடகையை எண்ணி வைத்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இரண்டு வெள்ளி கஜானா நிறைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளி உலை அணைந்தே கிடந்தது, வடக்கு மதில் விழுந்தது. அடுத்த வெள்ளி கிழக்கு மதிலும் விழுந்தது. விசாரித்தால், எங்கள் ஊரின் கைதேர்ந்த கொல்லர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகப்போவதாகவும், மற்ற தொழிலாளிகளும் அவர் பின்னால் கிளம்புவதாகவும் சொன்னார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இதுவரை எழுத்தில் மட்டும் பேசி வந்தவள், மைக்கைப் போட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"ஊரு இடியற நேரத்துல ஓடறீங்களே, இது நல்லாருக்கா?" என்றேன்.



"ஐய, மேயர் சாரு லேடீஸாங்க?"

"அது இப்ப எதுக்கு? வரி கட்ட வலிக்குதா?"

"எந்த ஊருங்க நீங்க? பேச்சு நம்ம பக்கம் மாதிரி கீது."

கள்ளக்குறிச்சி, கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை என்றேன். அவர் சிரித்தார். எலவனாசூர்கோட்டை ஆளாம். மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் பாய்கிற வரைக்கும் வரப்பில் உட்கார்ந்து போனில் விளையாடுகிறவர். துபாய்க்காரரோ பெங்களூர்க்காரரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கொல்லர், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க ஒருதரமாச்சும் ஒல மூட்டினீங்களா?"

நான் ஒருமுறைகூட மூட்டியதில்லை.

"ஒரு வாளு நல்லா வரதுக்கு ஏழெட்டு உருகிப் பூடும். அதுக்கெல்லாம் காசு புடிச்சிக்கினு கீறீங்க. நான் மூணு ஏக்கரா குத்தகைக்கு ஓட்டறேங்க. போன வருஷம் கெணறு வத்திப் பயிரு கருகிப் பூட்ச்சி. அப்பயும் குத்தகை நெல்ல அளந்தேன். கடையில வாங்கி அளந்தேன். வெளஞ்சாலும் கருகினாலும் அளக்கணும். அதான் குத்தகை. இங்க வந்தா நீங்களும் அதயே போட்டு வெச்சிக்கீறீங்க. பங்குக்கு வுட்டீங்கன்னா நான் ஏன் போறேன்? வித்தா பங்கு எடுத்துக்கோங்க. உருகினதுக்கு இன்னாத்துக்குங்க காசு?"

சட்டத்தை ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். அவர் சொல்வது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்று வீம்பு. உலைக்குப் போய் நானே வாள் அடிக்க ஆரம்பித்தேன். முதல் தடவை இரும்பு உருகிப் போனது. காசு பிடித்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஆறாவது தடவை பாதி வாள் வந்து வளைந்தது. ஒவ்வொரு தடவையும், 'மேயரின் ஆணைப்படி ஒரு காசு' என்று நான் எழுதிய வரியே என் முகத்தில் வந்து நின்றது. எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். மிஷின் அன்றைக்குக் காலையிலிருந்தே மக்கர். முதல் தாளில் கறுப்புக் கோடு. கிழித்துப் போட்டேன். இரண்டாவது மங்கல், மூன்றாவது கோணல். எல்லாவற்றையும் கசக்கிக் கூடையில் எறிந்துவிட்டு, நாலாவதை நீட்டினேன். அவர் கூடையைப் பார்த்துவிட்டு, "அத்தினிக்கும் துட்டு தரணுமா?" என்று பயந்து கேட்டார்.

"ஐயோ, இல்லம்மா. நல்லா வந்ததுக்குத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. இத்தனை வருடக் கடையில் வீணான தாளுக்கு ஒருவரிடமும் நான் காசு வாங்கியதில்லை. வாங்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மா போனதும் உட்கார்ந்து புது அறிவிப்பு எழுதினேன்: 'உலை மூட்ட வரி இல்லை. பொருள் விற்றால் பத்தில் ஒரு பங்கு ஊருக்கு. விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. பழைய வரி மேயரின் தவறு.' கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை அழித்து இரண்டு தடவை எழுதினேன்.

அன்று புதன்கிழமை. விற்றால்தான் பணம் வரும், மூன்றாவது வெள்ளிக்குள் விற்குமா என்பது யாருக்கும் தெரியாது. வியாழன் மதியம் திறந்து பார்த்தபோது உலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கொல்லர் போகவில்லை. அவர் பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி உருகித்தான் போனது, ஆனாலும் யாரும் கணக்குப் பார்த்து நிறுத்தவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களே வந்து வாள் வாங்கிப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த வீட்டுக்காரர், நான் நகம் கடிப்பதைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணிக்குச் செலவு கழிந்தது. கஜானாவில் பதினொரு காசு மிச்சம். ஊர் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர், "பதினோரு காசுக்கா அழுவற?" என்றார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பத்து நாள் கழித்துக் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரை காய்ந்த சேறு. மடித்த பத்திரம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"மேயருங்களா?"

குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். அவர் டீயைத் தொடாமல் பத்திரத்தைப் பிரித்தார். குத்தகைப் பத்திரம்.

"அங்க எழுதி ஒட்டினீங்களே, அதே மாதிரி இதுக்கும் எழுதிக் குடுங்கக்கா. எனக்குக் கோர்வையா சொல்ல வராது. நெலத்துக்காரருகிட்ட காட்றேன்."

விளைந்தால் இத்தனை பங்கு, பயிர் கருகினால் அளக்க வேண்டியதில்லை என்று தட்டெழுதிக் கொடுத்தேன். ஆணைக்கும் வேண்டுகோளுக்கும் நடுவில் ஒரு தொனி பிடிக்க அரை மணி நேரம் ஆனது. இங்கே நான் மேயர் இல்லையே.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். நிலத்துக்காரர் மூன்று ஏக்கருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் ஏக்கருக்கு மட்டும், அதுவும் ஒரு போகத்துக்கு மட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"வெளஞ்சா மத்ததையும் பாக்கலாம்னு சொல்லிக்கீறாருங்க. ரெண்டு காப்பி போடுங்க."

மிஷின் வழக்கம்போல முதல் தாளில் கறுப்புக் கோடு போட்டது. நான் கிழிக்கும் முன் அவர் கை நீட்டி அந்தத் தாளை வாங்கி, கோட்டுக்கு அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுவும் எனக்கு வேணும்க்கா. இதுக்கும் துட்டு எடுத்துக்கோங்க."

எடுக்கவில்லை. இரண்டு தாளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.