நாலு குழாய்க்கு எத்தனை கை

ஓய்வுபெற்ற அரச ஊழியனை ஊர் இரண்டு வேலைகளுக்குத் தேடிவரும்: மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருத்தவும், கூட்டங்களுக்குத் தலைமை தாங்கவும். முதலாவதிலிருந்து எப்படியோ தப்பிவிட்டேன். இரண்டாவது பிடித்துக்கொண்டது. யுத்தம் முடிந்து சில வருடங்களில், கரைத்தீவுப் பக்கத்துக் குடிநீர்ச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தை நடத்தித் தரும்படி கேட்டார்கள். எந்தத் தரப்பையும் சாராத, நடைமுறை தெரிந்த ஆள் வேண்டுமாம். புத்தளத்தில் பஸ் ஏறினேன்.

பிரச்சினை தண்ணீர் திறக்கும் நேரம். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் பகுதிக்குக் காலையில் மட்டும் திறப்பார்கள். பின்னேரத் தண்ணீர் ஐஸ் தொழிற்சாலைக்குப் போகும். காலையில் குடியேற்றத்துப் பெண்களில் பாதிப்பேர் உப்பளத்தில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர், மன்னாரிலிருந்து சிறுமியாக வந்தவர், கூட்டம் தொடங்குமுன் என்னிடம் வந்தார். எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றார்கள்.

"சேர், நாள் முழுக்க உப்புத் தண்ணியில நிண்டுட்டு வந்தா காலெல்லாம் எரியும். கழுவ ஒரு வாளி நல்ல தண்ணி இல்ல. பின்னேரத் தண்ணி வேணும். வேற ஒண்டும் கேக்கல்ல."

முன்பும் கேட்டிருக்கிறார், தோற்றிருக்கிறார். காரணம் சங்கத்தின் விதி. வாக்கு என்ற சொல்லை அங்கே யாரும் பாவிப்பதில்லை, கை என்பார்கள். ஒரு குழாய்க்கு ஒரு கை. குடியேற்றத்தில் பத்து வீடுகளுக்கு ஒரு பொதுக்குழாய், ஆகவே பத்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரு கை. தொழிற்சாலைக்காரரான ஹாஜியாருக்கு வீடு, கடை, தொழிற்சாலை, விருந்தினர் விடுதி என்று நாலு குழாய், நாலு கை.

படித்தவனல்லவா, ஜனங்களின் கோபம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஹாஜியார் வீட்டு முற்றத்தில் பச்சைப் புல் விரித்திருந்தார். அதற்குக் குழாய்த் தண்ணீர்தான். பஸ்ஸிலேயே ஒரு பேச்சைத் தயாரித்திருந்தேன். "ஒரு வீட்டுப் புல்லுக்குப் போகும் தண்ணீர், பத்து வீடுகளின்..." என்று ஆரம்பித்தேன். பொதுக்குழாய்க்காரர் ஒருவரே இடைமறித்தார்.

"அத விடுங்க சேர். மீட்டர் ஓடுது, அவர் கட்டுறார். அவர்ட காசு, அவர்ட புல்லு."

"எங்களுக்கும் அல்லாஹ் குடுத்தா நாங்களும் புல்லு வளப்பம்," என்றார் இன்னொருவர்.

"நீ ஆடு வளப்பாய்!"

சிரிப்பில் என் பேச்சு செத்துப்போயிற்று. முன்வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தைக் கதிரையில் இருந்த ஹாஜியார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்தக் கதிரையைப் பற்றியும் யாருக்கும் முறைப்பாடு இருக்கவில்லை.

பிறகு ராத்தா எழுந்து, இனி ஒரு வீட்டுக்கு ஒரு கை இருக்க வேண்டும் என்று பிரேரித்தார். எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தும்படி சொன்னேன். ஹாஜியார் வலது கையை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த பேக்கரி முதலாளியும், பின்னால் இன்னும் சிலரும் உயர்த்தினார்கள். செயலாளர் ஹாஜியாரின் கடையில் வேலை செய்பவர். ஹாஜியாரின் அந்த ஒரே கையை விரலால் சுட்டி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று எண்ணினார். எத்தனையோ கணக்கெடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். இது எனக்கும் புதிது.

"தம்பி, மத்த மூண்டு கையையும் ஒருக்கா காட்டச் சொல்லுங்க," என்றார் ராத்தா.

மண்டபம் அதிர்ந்தது. "ஹாஜியாருக்குச் சட்டை தைக்கிறவன் பாவம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செயலாளரே சிரித்துவிட்டார், பிறகு முதலாளியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பேக்கரி முதலாளி தன் கையை இறக்கினார். "நான் ரெண்டு கைக்காரன்தான். ஆனா பள்ளியில தொழ நிண்டா எனக்கு ஒரு ஆள்ட இடந்தானே?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் சில கைகள் இறங்கின. கடைசியில் ஹாஜியாரின் கை மட்டும் தனியாக நின்றது. அதை அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, ஒரு கை போதும்," என்றார். "ஆனா ஐஸுக்குத் தண்ணி கொறஞ்சா மீன் போட்டுக்காரனுகள உங்கட வாசலுக்குத்தான் அனுப்புவன்."

"தண்ணிய நீங்க வேணுமான அளவு எடுங்க, ஹாஜியார்," என்றார் ராத்தா. "எப்ப எடுக்கிறதெண்டத மட்டும் எல்லாரும் சேந்து சொல்லுவம்."

நேரத்துக்கும் அப்போதே கை எடுத்தோம். பின்னேரம் குடியேற்றத்துக்கு, காலை ஐஸுக்கு. ஹாஜியாரின் நாலு குழாயும், புல்லும், கதிரையும் அப்படியே இருந்தன. அந்தப் புல்லை அவர்கள் அவ்வளவு இலேசாக விட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. தலைவருக்குக் கை இல்லை என்பது நடைமுறை.

அடுத்த கூட்டத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் தண்ணீரை நிறுத்தி, சங்கத்தின் நீர்த்தாங்கியைக் கழுவலாம் என்று, மிகவும் நியாயமான ஒரு யோசனையை முன்வைத்தேன். ராத்தா எழுந்தார்.

"வெள்ளிக்கிழம எங்களுக்கு லீவு சேர். ஏழு நாள் உடுப்பும் அண்டைக்குத்தான் கழுவுறது. வேற நாள் பாருங்க."

கை எடுத்தோம். எதிராக முதலில் உயர்ந்தது ராத்தாவின் கை. ஹாஜியாரின் கை உட்பட மற்றவை அதன் பின்னால் வந்தன. செயலாளர் ஒவ்வொரு கையையும் ஒரே ஒரு தடவை எண்ணினார். என் யோசனை படுதோல்வி. தாங்கியைச் செவ்வாய்க்கிழமை கழுவுகிறார்கள்.