செவலைக்குச் சம்பந்தி

ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. தலைமுடி கனம் கூடினாலும் பாகத்தைக் கழித்துக்கட்டும் தரச்சோதனை உத்தியோகம் எனக்கு. ஞாபக சக்திக்கு வல்லாரை நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கால்வாயோரம் பறித்துப் பச்சையாகவே மெல்வேன். கழுவ வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நாலைந்து மாதத்தில் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள். "கட்டியாகவும் இருக்கலாம்" என்ற டாக்டர், ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்க்க நாள் குறித்தார். நான் ரகசியமாகக் குடிப்பதாகச் சொந்தக்காரர்கள் முடிவுகட்டினார்கள். நான் மனைவிக்கு இன்ஷூரன்ஸ் பத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

எங்கள் பிரிவைக் கூட்டித் துடைக்கும் அக்கா உள்ளூர்க்காரர். அவருடைய பசு செவலை மேய்வதும் அதே கால்வாயோரம்தான். ஒருநாள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், துரும்பா பூட்டீங்க? செவலையும் இப்டித்தான் எளைச்சிக்கினே போச்சு. ஈரல்ல புழுன்னாரு மாட்டு டாக்டரு. நீங்களும் அங்க இருக்கற தழையத்தானே துன்னுக்கினு கீறீங்க?"

படித்தவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிது. டாக்டரிடம் கூச்சத்தோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மலத்தைச் சோதித்தால், உள்ளே புழு முட்டைகள். மாட்டுச் சாணத்திலிருந்து கால்வாய்த் தண்ணீருக்குப் போய், கரையோரத் தழையில் ஒட்டிக்கொள்ளும் ஈரல் புழுவாம். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிய, கால்நடை ஆய்வகத்தில் செவலையின் சாணத்து முட்டைகளோடு என்னுடையவற்றையும் மரபணு எடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே இனம், ஒரே வம்சம்.

"உங்க புழுவுக்கும் மாட்டுப் புழுவுக்கும் சம்பந்தம் இருக்கு" என்றார் டாக்டர். ஊசிக்கு வேலையில்லை, மாத்திரையோடு முடிந்தது.

இதை அக்காவிடம் அப்படியே ஒப்பித்ததுதான் தப்பு. மறுநாள் கேன்டீனில் ஷிப்ட் மொத்தமும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, "வாங்க சம்பந்தி! செவலை உங்கள கேட்டுக்கினே கீது!" என்றார். அங்கே நான் இருந்தவரை அதுதான் என் பெயர். மேனேஜர்கூட ஒருமுறை மீட்டிங்கில் வாய்தவறி அப்படியே கூப்பிட்டார்.

இப்போது அந்தக் கால்வாயை மூடி காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். செவலை இல்லை, அக்காவும் மகள் ஊருக்கே போய்விட்டார். வல்லாரையைப் பார்த்தாலே நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறேன். ஆனாலும் புதுக் கம்பெனி பஸ் அந்தச் சுவரைத் தாண்டும்போது கழுத்து தானாகத் திரும்புகிறது. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன் நான். என் குறையைத் தரை துடைத்துக்கொண்டே கண்டுபிடித்தவர் அவர். அதற்கப்புறம் இரண்டு பதவி உயர்வு வந்துவிட்டது, 'சம்பந்தி'க்கு ஈடான பட்டம் இன்னும் கிடைக்கவில்லை.